பிழிந்த தேன்

ஹோர்ன்மூர்
12 நவம்பர் 1967

கெஷே அக்காவுக்கு,

முதல் வரியில் 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருப்பது தெரிகிறதா? தெரியட்டும் என்றுதான் புதுத்தாள் எடுக்கவில்லை.

நேற்று எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் கூட்டம். வழக்கம்போல விடுதியின் பின்கூடத்தில். தலைவர் கணக்கெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தாளை எடுத்தார். ஹார்ம் மார்ட்டென்ஸ், ஹீதர் தேன் என்று சொல்லிச் சங்கத்தின் தர முத்திரை கேட்டு அனுப்பிய தேனில், மேட்டுச் செடியில் ஊதாவாகப் பூக்கும் ஹீதரின் மகரந்தத்தைவிட, வயலில் மஞ்சளாகப் பூக்கும் எண்ணெய்க்கடுகின் மகரந்தம்தான் அதிகமாம். அதை ஹீதர் தேன் என்று விற்கக் கூடாதாம். முத்திரை ரத்தாம். கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்பதையும் விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கூடம் முழுக்கப் பார்த்தது. இந்த ஊரில் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போன கெஷே மார்ட்டென்ஸ் ஒருத்திதான்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "என்ன ஹார்ம், இந்த வருஷம் உன் ஹீதர் மட்டும் மஞ்சளாப் பூத்துச்சோ?" என்று கேட்டான். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

எனக்காக எழுந்து நின்றது ஒரே ஒருவன், லூடர். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த லூடர்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் நிலைமையே சரியில்லை. செப்டம்பரில் அவன் தேனீப் பெட்டிகளில் புழுக்களைக் கொல்லும் அழுகல் நோய் கண்டு, அவனே போய் நோய் ஆய்வாளரைக் கூட்டிவந்து, எல்லாவற்றையும் குழியில் போட்டு எரித்தார்கள். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்துக்கே நோயைக் கொண்டுவந்தவன் என்று பெயர். அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்காருகிறான். அந்த லூடர் எழுந்து, "ஹார்ம் முரடன், வாய்த்துடுக்கு, எல்லாம் சரி. ஆனா தேன்ல கலப்படம் பண்ற ஆளில்ல. பண்ணினான்னா நான் பேரை மாத்திக்கறேன்" என்றான்.

என் உடன்பிறந்தவள் எழுதியதை மறுக்க அவன் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. ஊர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு என் பெண்டாட்டி மெட்டா இன்று கடைக்குப் போகவில்லை. ரொட்டி வாங்க நான்தான் போனேன். நன்றாகத் தலைகுனிய வைத்தாய், அக்கா. அப்பா இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

ஹார்ம்

---

ஹானோவர்
17 நவம்பர் 1967

அன்புள்ள ஹார்ம்,

நான் அடிக்கவில்லை, பார்.

எங்களுக்கு வரும் ஜாடிகளில் பெயர் இருக்காது. எண்தான் இருக்கும். பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். உன் கடிதம் வந்த பிறகுதான் அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லி அனுதாபம் தேட எழுதவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். கொஞ்சம் தேனைத் தண்ணீரில் கரைத்து, வேகமாகச் சுழற்றி, அடியில் தங்குவதை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஹீதரின் மகரந்தம் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு நிற்கும், நான்கு பட்டாணியைச் சேர்த்து உருட்டின மாதிரி. எண்ணெய்க்கடுகு தனித்தனியாக, வலை போட்ட மாதிரி இருக்கும். எந்தப் பூவில் தேனீ உட்கார்ந்ததோ அந்தப் பூவின் தூள் தேனில் இருந்தே தீரும். அதனால்தான் மகரந்தத்தை எண்ணித் தேனின் ஊரையும் பூவையும் சொல்லிவிடுகிறோம். உன் ஜாடியில் கடுகு கொட்டிக் கிடந்தது. ஹீதர் நடுநடுவே தலைகாட்டியது. நான் பார்த்ததை எழுதினேன்.

சந்தையில் மே மாதக் கடுகுத் தேனைப் பாதி கலந்து ஹீதர் என்று விற்கிறவர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள். எல்லோரும் உன்னைப்போலத்தான் கோபப்படுகிறார்கள். என் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே அக்காவும் இல்லை தம்பியும் இல்லை.

உன் பக்கம் நியாயம் இருந்தால் எழுது. கோபத்தை மட்டும் எழுதாதே, நியாயத்தை எழுது. மறுபரிசோதனைக்கு வழி இருக்கிறது.

லூடருக்கு நேர்ந்ததைக் கேட்டு மனசு கஷ்டமாயிற்று. அவனே ஆய்வாளரைக் கூப்பிட்டான் என்றாயே, அதற்கு எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்?

கெஷே

---

ஹோர்ன்மூர்
26 நவம்பர் 1967

அக்காவுக்கு,

நியாயம் கேட்டாய். இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது, பிரித்துப் பார். அதே தேன், அதே தொட்டியிலிருந்து எடுத்தது. ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு உன் காப்பியைக் குடித்துவிட்டு வா. ஒரு சொட்டு வழிந்திருந்தால் நான் திருடன். ஹீதர் தேன் கூழாக நிற்கும், கலக்கினால்தான் இளகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரு கரண்டி கடுகுத் தேன் சேர்ந்திருந்தாலும் இந்நேரம் வெண்ணெய் மாதிரி உறைந்து போயிருக்காதா? நீ இந்த வீட்டில் பிறந்தவள்தானே?

அப்பாவின் கல்லறைமேல் சத்தியமாகச் சொல்கிறேன், கடுகுத் தேனை நான் கையால் தொடவில்லை. மழைக்குத் தப்பிய கொஞ்சம் மே மாதத் தேனையும் ஜூனிலேயே மொத்த வியாபாரியிடம் கொடுத்தாயிற்று.

ஊர் பேசுகிற பேச்சு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. பாதிரியார்கூடத் தேன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெட்டா பாத்திரத்தைக் கழுவுகிறாள். கழுவினதையே மறுபடி கழுவுகிறாள்.

லூடர் வந்து போனான். பெட்டிகள் நின்ற இடத்தில் இப்போது முள்ளங்கி போடலாமா என்று என்னைக் கேட்டான். என்ன சொல்வது? போடேன் என்றேன். அவன் பேச்சை விடு.

தேனைப் பார். பார்த்துவிட்டு உன் தாளைத் திருத்து.

ஹார்ம்

---

ஹானோவர்
9 டிசம்பர் 1967

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்காரப் பொறுமை இல்லை. நீ பொய்யன் இல்லை.

ஜாடியைக் கவிழ்த்து வைத்தேன். காப்பி குடித்தேன், மதியச் சாப்பாடும் சாப்பிட்டேன். தேன் அசையவில்லை. அது ஹீதர் தேன்தான், சுத்தமான ஹீதர். அப்படியானால் கடுகு எங்கிருந்து வந்தது என்று வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு மறுபடி தட்டில் வைத்துப் பார்த்தேன். முதல்முறை எது எத்தனை பங்கு என்று மட்டும்தான் எண்ணினேன். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. இந்த முறை பார்த்தேன். ஹீதர் தேனில் இவ்வளவு மகரந்தம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அதுவும் உதிரியாக இல்லை, கட்டிகட்டியாக இருந்தது. கடுகோடு வில்லோ, ஆப்பிள் என்று வசந்தத்துப் பூக்கள் எல்லாம் சேர்ந்து அழுத்தி வைத்த கட்டிகள்.

அது தேனோடு பூவிலிருந்து வந்த மகரந்தம் இல்லை, ஹார்ம். குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டுவதற்காகத் தேனீக்கள் அறைகளில் இடித்து அடைத்து வைக்கிறதே, அந்த மகரந்தம். அடையைச் சுழற்றித் தேன் எடுத்தால் அது அறையைவிட்டு அசையாது. அடையோடு சேர்த்துப் பிழிந்தால்தான் தேனில் இறங்கும். பிழிந்த தேனில் மகரந்தத்தின் பங்கை வைத்துப் பூவைச் சொல்லக் கூடாது என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. எங்களுக்கு வந்த சீட்டில் 'சுழற்றி எடுத்தது' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் அதை நம்பிவிட்டேன்.

ஆக, நீ இந்த வருஷம் அப்பாவின் பழைய மரப் பிழிபொறியில் பிழிந்திருக்கிறாய். இவ்வளவுதான் விஷயம். 'நான் பிழிந்தேன்' என்று ஒரு வரி எழுதி அனுப்பு, போதும். என் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதுத்தாள் எழுதுகிறேன். அதையும் அதே கூடத்தில் அதே குரலில் வாசிக்கச் சொல்லு. மஞ்சள் ஹீதர் என்றவன் முகத்தைப் பார்க்க நானே வரலாம் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஹீதர் தேனை இளக்குகிற ஊசி உருளையும் சுழற்று எந்திரமும் வாங்கி வைத்திருக்கிறவன் நீ. பிழிவது பாட்டன் காலத்து வேலை என்று அப்பாவையே கேலி செய்தவன். இந்த வருஷம் மட்டும் ஏன் பிழிந்தாய்?

மெட்டாவிடம் சொல், கழுவினது போதும் என்று.

உன் அக்கா
கெஷே

---

ஹோர்ன்மூர்
15 டிசம்பர் 1967

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நீ இவ்வளவு மெனக்கெட்டதற்கு நன்றி.

இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எந்திரம் ரிப்பேர், அதனால் பிழிந்தேன். வேறு ஒன்றும் இல்லை. திருத்தின தாள், மறுபடிக் கூட்டம், மறுபடி வாய்ப்பேச்சு, எதற்கு? ஊர் இரண்டு மாதம் பேசும், அப்புறம் வேறு எவனாவது மாட்டுவான். முத்திரை இல்லாமலும் தேன் விற்கும். மெட்டாவும் அதைத்தான் சொல்கிறாள். நீ யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். கேட்டுக்கொள்கிறேன், எழுதாதே.

நான் அனுப்பின ஜாடியைக் கொட்டிவிடு. தோட்டத்தில் கொட்டாதே. உங்கள் ஆய்வுக்கூடத்தின் பின்னால் பெட்டிகள் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பக்கமே கொண்டு போகாதே. ஜாடியைக் கொதிக்கிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுத் தூக்கிப் போடு.

கிறிஸ்துமஸுக்கு மெட்டா உனக்குக் கையுறை பின்னியிருக்கிறாள், தபாலில் வரும். லூடர் வண்டியை விற்றுவிட்டான். இனி எதை ஏற்றப் போகிறேன் என்றான்.

ஹார்ம்

---

ஹானோவர்
4 ஜனவரி 1968

ஹார்ம்,

கையுறை வந்தது. அளவு சரியாக இருக்கிறது. மெட்டாவுக்கு என் அன்பு. அவளை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தைப் பண்டிகை முடியும்வரை தள்ளிப்போட்டேன்.

அப்பாவின் கல்லறைமேல் சத்தியம் செய்து அனுப்பின தேனைக் கொட்டிவிடு என்கிறாய். கலப்படக்காரன் என்ற பெயரைத் துடைக்கிறேன் என்றால் வேண்டாம், இருக்கட்டும் என்கிறாய். ஒரு மனிதன் திருட்டுப் பட்டத்தைத் தானாகவே வைத்துக்கொள்கிறான் என்றால், அதைவிடப் பெரியதாக ஒன்று பின்னால் இருக்கிறது. அதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. ஜாடியைக் கொதிநீரில் கழுவு, பெட்டிகள் பக்கம் கொண்டு போகாதே என்றாயே, அந்த இடத்தில்தான் உறைத்தது. தேனீ வளர்க்கிறவன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அப்படிச் சொல்வான்.

வசந்தத்து மகரந்தம் கட்டியாக இருப்பது புழு வளர்கிற அடையில். தேன் எடுக்க மேல்தட்டு அடை போதும், புழு அடையை எவனும் தொடமாட்டான். அதை வெட்டிப் பிழிய வேண்டுமென்றால், அந்தப் பெட்டியில் தேனீ உயிரோடு இருக்கக் கூடாது. உன் தேனில் அடியில் தங்கினதைப் பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் கொடுத்து, சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. அழுகல் நோயின் வித்துகள் தட்டு நிறைய இருக்கின்றன என்றார்.

இனி நானே சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. ஆகஸ்டில் ஹீதர் மேட்டுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோனீர்கள். எப்போதும்போல உன் வரிசையும் லூடர் வரிசையும் அடுத்தடுத்து. அங்கே வைத்து உன் பெட்டிகளில் நோய் இருப்பது உனக்குத் தெரிந்தது. நீ யாரையும் கூப்பிடவில்லை. நோய் கண்ட பெட்டிகளுக்குக் கந்தகப் புகை போட்டுக் கொன்றாய். உள்ளே ஹீதர் தேன் நிறைய இருந்தது. எரிக்க மனசு வரவில்லை. அடையோடு வெட்டி வந்து பிழிந்தாய். காவல் இல்லாமல் கிடந்த பெட்டிகளில் பக்கத்து வரிசைத் தேனீ புகுந்து கொள்ளையடிக்காமல் இருக்குமா? அப்படித்தான் லூடருக்குப் போனது. அவன் பார்த்த அன்றே ஆய்வாளரிடம் ஓடினான். அவன் குழியில் எல்லாம் எரிந்தபோது நீ எங்கே நின்றாய், ஹார்ம்?

மனிதர்க்கு அந்தத் தேன் ஒன்றும் செய்யாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கழுவாமல் வெளியே எறிந்த ஒவ்வொரு ஜாடியும் யாரோ ஒருவன் தேனீக்கு விஷம்.

மார்ச்சில் வில்லோ மரம் பூக்கும் வரை தேனீக்கள் வெளியே வராது. அதுவரைக்கும் உனக்குத் தருகிறேன். நீயே ஆய்வாளரிடம் போ. அதற்கு முன்னால் லூடரிடம் போ. நீ போகவில்லை என்றால் நான் எழுதுவேன்.

கெஷே

---

ஹோர்ன்மூர்
21 ஜனவரி 1968

கெஷேவுக்கு,

எவ்வளவு அழகாகக் கண்டுபிடித்துவிட்டாய். ஒரு சொட்டுத் தேனை வைத்துக்கொண்டு என் வீட்டுக்குள், என் அடுப்படிவரை வந்துவிட்டாய். சந்தோஷமா?

திருத்தச் சொன்னாயே, திருத்துகிறேன். 'எரிக்க மனசு வரவில்லை' என்று எழுதியிருக்கிறாய், ஏதோ ஆசைப்பட்டேன் என்கிற மாதிரி. தீக்குச்சியை, புழு செத்துக் கிடந்த ஒரு அறைக்குள் விட்டு இழுத்தேன். பழுப்பு நூல் மாதிரி இழுபட்டு வந்தது. அந்த நாற்றம் உனக்குத் தெரியும். எல்லாப் பெட்டியிலும் இல்லை, கொஞ்சத்தில்தான் இருந்தது. ஆய்வாளர் வந்தால் கொஞ்சம், நிறைய என்று பார்ப்பாரா? நல்லதையும் சேர்த்து முத்திரை வைப்பார். இந்த வருஷம் ஹீதரைத் தவிர எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. மழை மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. கெட்டதை மட்டும் தீர்த்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். விடிவதற்குள் அடைகளை எடுத்து வந்துவிட்டேன். தேன் ஒட்டிக் கிடந்த காலிப் பெட்டிகளைத்தான் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒரே ஒரு நாள்.

லூடர் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? காற்றில் வந்திருக்கலாம், எவன் பெட்டியிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அதையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாயா?

நான் இப்போது போய்ச் சொன்னால் அவன் பெட்டிகள் சாம்பலிலிருந்து எழுந்து வருமா? என் பெட்டிகளும் போகும், அவ்வளவுதான். நீ மாதச் சம்பளக்காரி. உனக்கு ஒரு வயிறு. சொல்வது சுலபம்.

இன்னும் ஒன்று கேள். லூடர் போன வாரம் வந்தான். வசந்தத்தில் எனக்கு ஒரே ஒரு தேனீக்கூட்டம் கொடு ஹார்ம், மறுபடி ஆரம்பிக்கிறேன், உன்னுடையதுதான் இந்தப் பக்கத்தில் சுத்தமான தேனீ என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது போய் அவனிடம் என்ன சொல்லச் சொல்கிறாய்?

உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் போதுமா? எழுதிவிட்டேன். விட்டுவிடு அக்கா.

ஹார்ம்

---

ஹானோவர்
26 ஜனவரி 1968

ஹார்ம்,

இன்று காலை மாவட்ட ஆய்வாளருக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். வில்லோ பூக்கும் வரை என்று சொன்னேன், வாக்கு மீறிவிட்டேன். நோயுள்ள தேனீக்கூட்டத்தை லூடர் கையிலேயே கொடுக்கப் போகிறாய் என்று தெரிந்த பிறகு என்னால் ஒருநாள்கூடக் காத்திருக்க முடியவில்லை. இத்தனை நாள் காத்திருந்ததே தப்பு. என் தம்பியாக இல்லாமல் வேறு எவனோ ஒரு எண்ணாக இருந்திருந்தால் டிசம்பரிலேயே எழுதியிருப்பேன். என் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தம்பி இல்லை என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? அது பொய் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

உன் வீட்டுத் தேனில் வித்துகள் இருக்கின்றன, அவ்வளவுதான் எழுதினேன். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எழுதவில்லை. லூடரிடம் அதை நான் சொல்லவும் மாட்டேன். அது உன் வாயிலிருந்து வரவேண்டும்.

இதோடு திருத்தின தாளின் நகலும் வைத்திருக்கிறேன். அசல் சங்கத்துக்குப் போய்விட்டது. 'தேன் பிழிந்து எடுக்கப்பட்டது. கலப்படம் இல்லை. தூய ஹீதர் தேன்.' நீ கேட்டபோது கொடுத்திருக்க வேண்டியது. இப்போது இது உனக்கு எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் உண்மை என்பதால் அனுப்புகிறேன்.

நீ என்னோடு பேசாமல் போனால் புரிந்துகொள்வேன்.

கெஷே

---

ஹோர்ன்மூர்
24 மார்ச் 1968

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதை மெட்டாவிடம் பேச முடியவில்லை. வேறு யாரும் இல்லை.

பிப்ரவரியில் ஆய்வாளர் வந்தார். நல்லவை என்று நான் நம்பிக்கொண்டிருந்த பெட்டிகளைத் திறந்தார். நான்காவது பெட்டியிலேயே தீக்குச்சி நூல் இழுத்தது. பாதிக்கு மேல் நோய். மீதியையும் சேர்த்து எரிக்க உத்தரவு. பனி உருகி மண் இளகட்டும் என்று தள்ளிப்போட்டோம். போன வாரம் எரித்தோம்.

குழி வெட்ட ஊரில் ஆள் வரவில்லை. எவனுக்கும் நோயுள்ள வீட்டில் கால் வைக்கப் பயம். நானும் மெட்டாவும்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். அப்போது லூடர் வந்தான், தோளில் மண்வெட்டியோடு. கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். அந்த வேலை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எவ்வளவு ஆழம் வேண்டும், காற்று எந்தப் பக்கம், வைக்கோலை எங்கே போட வேண்டும், எல்லாம் அவனே சொன்னான். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கியபோது, குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினான்.

பற்றவைத்தோம். மெழுகு உருகிக் கொழுந்துவிட்டு எரிந்தது. குழியில் இறக்குவதற்கு முன்னால் கந்தகப் புகை போட்டதில் சாகாமல் ஓரத்தில் ஒட்டியிருந்த சில தேனீக்கள் வெளியே வந்து குளிரில் மண்ணில் விழுந்தன. லூடர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம் திரும்பித் தொப்பியைக் கழற்றினான்.

"என்னை மன்னிச்சிரு ஹார்ம்," என்றான். "என் பெட்டியிலேர்ந்துதான் உனக்கு வந்திருக்கும். பக்கத்துலேயே வச்சிருந்தோமே. உன் பொழப்பையும் கெடுத்துட்டேன். ராத்திரியெல்லாம் இதே நெனப்புதான்."

அக்கா, நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன் என்றுகூட உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சரி, இப்படியே போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சொன்னது மெட்டா. கையிலிருந்த வைக்கோல் கத்தையைக் கீழே போட்டுவிட்டு, "உங்ககிட்டேர்ந்து இல்ல லூடர் அண்ணே. எங்ககிட்டேர்ந்துதான் உங்களுக்கு வந்துச்சு. ஆகஸ்ட்லயே இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்" என்றாள். வாய்விட்டு அழுதாள். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

லூடர் கோபப்படவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அன்னிக்குக் கூட்டத்துல உனக்காக எந்திரிச்சு நின்னேனே, அப்பவும் உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

தலையை ஆட்டினான். ஏதோ சாமானின் விலை சொன்னால் கேட்டுக்கொள்கிற மாதிரி. வேலியில் மாட்டிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மண்வெட்டியை எடுக்கவில்லை. நெருப்பு அடங்கும் வரை நான் மட்டும் நின்று, அவன் மண்வெட்டியாலேயே குழியை மூடினேன்.

நேற்றுச் சங்கக் கூட்டம். நான் போகவில்லை. தலைவர் உன் திருத்தின தாளை வாசித்தாராம். கலப்படம் இல்லை, தூய ஹீதர் தேன் என்று முழுவதையும் வாசித்தாராம். யாரும் சிரிக்கவில்லையாம். லூடர் இடம் காலியாக இருந்ததாம்.

இன்று காலை அவன் மண்வெட்டியைத் தீயில் நன்றாகக் காய்ச்சி, துடைத்து, திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனேன். வழியில் வில்லோ பூத்திருந்தது. கதவைத் திறந்தது அவன் பெண்டாட்டி ஆல்ஹைட். உள்ளே லூடர் மேசையில் உட்கார்ந்திருந்தான், முதுகு மட்டும் தெரிந்தது. ஆல்ஹைட் என்னைப் பார்த்தாள், மண்வெட்டியைப் பார்த்தாள்.

"இதையும் போட்டு எரிச்சிருக்கலாமே," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஹார்ம்